வாலை மடிக்குள் மறைத்த புரதம்: வாக்சினியாவின் எல்1

உயிர்வேதியியல் முதுகலை மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பாக்ஸ் வைரஸ்களின் உறைப் புரதங்களுள் ஒன்றான எல்1-இன் முப்பரிமாண அமைப்பு எப்படிப்பட்டது? அந்த அமைப்பை அறிந்ததால் தடுப்பூசி ஆய்வுக்கு என்ன பயன்? மெர்காப்டோஎத்தனால் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்துக் கொதிக்கவைத்த எல்1-ஐ 7டி11 என்னும் எதிர்ப்பொருள் ஏன் கண்டுகொள்வதே இல்லை? மூன்றாவது கேள்வி ஆய்வகத்தில் எழுந்த சிறு சந்தேகம்போலத் தோன்றினாலும், மற்ற இரண்டுக்கும் உரிய சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. எனவே அதை நோக்கியே இந்தப் பதிலை எழுதிச் செல்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். தமிழில் அம்மை என்ற ஒரே சொல், உடலில் கொப்புளமோ தடிப்போ போடும் பல நோய்களுக்கும் பொதுவாக வழங்குகிறது. ஆனால் சின்னம்மையை உண்டாக்குவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். தட்டம்மையை உண்டாக்குவது பாராமிக்சோ குடும்பத்து வைரஸ். வைசூரி என்று முன்னோர் அழைத்த பெரியம்மை, குரங்கம்மை, ஆட்டம்மை, அண்மை ஆண்டுகளில் மாடுகளை வாட்டிய தோல் கழலை நோய் ஆகியவற்றை உண்டாக்குபவையே பாக்ஸ் வைரஸ்கள். பெரியம்மை 1977-இல் சோமாலியாவில் கண்ட கடைசி இயற்கைத் தொற்றோடு ஓய்ந்தது. 1980 மே மாதம் அதன் ஒழிப்பு முறையாக அறிவிக்கப்பட்டது. அந்த ஒழிப்புக்கு உதவிய தடுப்பூசியில் இருந்த உயிருள்ள வைரஸ்தான் வாக்சினியா. பெரியம்மை வைரஸை வைத்திருக்க அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரண்டு ஆய்வகங்களுக்கு மட்டுமே அனுமதி இருப்பதால், இந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி வாக்சினியாவின் வழியாக அறிந்ததே. எல்1-ஐப் பொறுத்தவரை இதனால் இழப்பொன்றும் இல்லை. வாக்சினியாவின் எல்1-உம் பெரியம்மை வைரஸில் அதற்கு இணையான புரதமும் ஏறக்குறைய ஒன்றே. குரங்கம்மை வைரஸில் இதே புரதத்துக்கு எம்1 என்று பெயர்.

உறை என்றதும் நம் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் இன்ஃபுளூயன்சா வைரஸிலிருந்தோ கொரோனா வைரஸிலிருந்தோ வந்தது: செல்லிலிருந்து கிள்ளியெடுத்த ஒரு கொழுப்புச் சவ்வு, அதில் குத்தி நிற்கும் சர்க்கரை போர்த்திய முட்புரதங்கள். வாக்சினியாவுக்கு இந்தப் படம் பொருந்தாது. ஏறத்தாழ 360 நானோமீட்டர் நீளமுள்ள, செங்கல் வடிவிலான இந்த வைரஸ், சுமார் 1,90,000 கார இணைகள் கொண்ட டி.என்.ஏ.-வையும் ஏறக்குறைய 200 மரபணுக்களையும் சுமந்து, தன் வாழ்க்கை முழுவதையும் செல்லின் சைட்டோபிளாசத்திலேயே நடத்துகிறது. உட்கருவுக்குள் சென்று பெருகுவதில்லை. தொற்றும் திறனுள்ள துகள்கள் இதில் இரு வகை. ஒரே சவ்வு போர்த்தியது முதிர்ந்த துகள். பெரும்பாலானவை இவ்வகையே, செல் சிதையும்போது வெளியேறுபவை. அவற்றுள் ஒரு சிறு பகுதி, செல்லின் உட்சவ்வுகளால் மேலும் சுற்றப்பட்டு, கூடுதலான ஒரு போர்வையுடன் செல் உயிரோடு இருக்கும்போதே வெளிவருகிறது. எல்1 இருப்பது, இரு வகைத் துகளுக்கும் பொதுவான உட்சவ்வில். முதிர்ந்த துகளில் அது வெளியே தெரியும். போர்வைத் துகளிலோ வெளிச்சவ்வுக்கு அடியில் மறைந்துவிடும். இந்த ஒரு செய்தி பின்னால் தடுப்பூசியைப் பேசும்போது வேண்டியிருக்கும்.

அந்த உட்சவ்வு உருவாகும் விதமே விசித்திரமானது. செல்லுக்குள் புரதங்களை மடித்துச் சர்க்கரை ஏற்றும் சவ்வுவலையான எண்டோபிளாச வலையிலிருந்து பெறப்படும் சவ்வு, மூடிய பையாக இல்லாமல், விளிம்பு திறந்த பிறை வடிவத் துண்டாக முதலில் தோன்றுகிறது. டி13 என்னும் மற்றொரு வைரஸ் புரதம் தேன்கூட்டுச் சட்டமாக வெளியே அமர்ந்து அந்தப் பிறையை வளைத்து உருண்டையாக்குகிறது. வேலை முடிந்ததும் சாரம் பிரிப்பதுபோல அது கழன்றுவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் வாக்சினியாவின் உருவாக்கத்தை நிறுத்துகிறது என்பது 1969 முதல் தெரிந்த செய்தி; அது தடுப்பது இந்த டி13-ஐ என்பது பின்னரே தெரியவந்தது. இப்படி உருவான சவ்வின் வெளிமுகம், மற்ற உறை வைரஸ்களைப்போல எண்டோபிளாச வலையின் உட்புறத்துக்கு இணையானதாக அமையாமல், சைட்டோசோலை, அதாவது சைட்டோபிளாசத்தின் நீர்மப் பகுதியை, பார்த்தபடி அமைகிறது. அதனால் எல்1 சர்க்கரை ஏற்றும் பட்டறைக்குள் நுழைவதே இல்லை. அதன் வெளிப்பகுதி உருவாவதும் மடிவதும் சைட்டோசோலில்தான். 250 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் ஏறத்தாழ முதல் 185 வெளியே நிற்கின்றன. அடுத்து வரும் சுமார் 20 சவ்வை ஊடுருவுகின்றன. மிஞ்சியது துகளின் உட்புறம் நீள்கிறது.

இனி அமைப்புக்கு வருவோம். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டேவிட் கார்போசி, பெர்னார்ட் மாஸ் ஆகியோரின் குழுக்கள், எல்1-இன் வெளிப்பகுதியைப் படிகமாக்கி, அதன் அமைப்பை 2005-இல் 1.51 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் வெளியிட்டன. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளமே 1.54 ஆங்ஸ்ட்ரம் என்பதை நினைத்துப் பார்த்தால், பக்கச் சங்கிலிகள் ஒவ்வொன்றும் எத்திசையில் திரும்பியிருக்கின்றன என்பதுவரை ஐயமின்றிக் காட்டும் தெளிவு அது என்பது விளங்கும். ஐந்து ஆல்ஃபா சுருள்கள் கட்டாகச் சேர்ந்து, இரண்டிரண்டு இழைகளாலான இரண்டு சிறிய பீட்டா தகடுகளின் மேல் சாய்ந்து கிடக்கின்றன; இவற்றை வளையங்கள் இணைக்கின்றன. அவ்வளவுதான் சட்டகம். இன்ஃபுளூயன்சாவின் முட்புரதமான ஹீமக்ளூட்டினின்போல மூன்று மூன்றாகக் கூடி 13 நானோமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கம்பீரம் இதில் இல்லை. சவ்வின் மேல் கூழாங்கல்போல ஒட்டிக்கிடக்கும் சிறிய புரதம் இது. பார்வைக்கு எளியதான இந்தக் கல்லுக்குள் இரண்டு புதிர்கள் இருக்கின்றன.

முதலாவது, கந்தகப் பிணைப்புகள். வெளிப்பகுதியில் உள்ள ஆறு சிஸ்டீன்களும் (கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள்) இணை இணையாகச் சேர்ந்து, கந்தகமும் கந்தகமும் கோக்கும் மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளை உண்டாக்குகின்றன: 34-ஆவது 57-உடனும், 49-ஆவது 136-உடனும், 116-ஆவது 158-உடனும் பிணைந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்த மாணவர் இங்கே திடுக்கிட வேண்டும். சைட்டோசோல் ஒடுக்கச் சூழல். அங்கே இப்பிணைப்புகளை ஒடிக்கவல்ல குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு நிறைந்திருப்பதால் டைசல்ஃபைடு பிணைப்பு உருவாவதும் நிலைப்பதும் அரிது. செல் தன் சொந்தப் புரதங்களுக்கு இந்தப் பிணைப்பைப் போடுவது எண்டோபிளாச வலைக்குள். அந்த வலைக்குள் நுழையாத எல்1-க்கு மூன்று பிணைப்புகள் எங்கிருந்து வந்தன? வைரஸ் தன் கைச்சரக்கையே கொண்டுவந்திருக்கிறது என்பதுதான் விடை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸின் குழு கண்டறிந்தபடி, இ10, ஏ2.5, ஜி4 என்ற மூன்று வைரஸ் புரதங்கள் ஒரு தொடராக இயங்குகின்றன. இ10 ஆக்சிஜனேற்ற நொதி, அது ஏ2.5-ஐ ஆக்சிஜனேற்றம் செய்கிறது; அது ஜி4-ஐ; ஜி4 இறுதியாக எல்1, எஃப்9 போன்ற சவ்வுப் புரதங்களின் சிஸ்டீன்களை இணைக்கிறது. பாக்ஸ் குடும்பம் முழுவதிலும் காக்கப்பட்டுவந்திருக்கும் இந்தத் தொடர் இல்லையென்றால் தொற்றும் திறனுள்ள துகள் உருவாவதில்லை. செல்லின் இயல்புக்கே எதிரான இடத்தில் இப்படியொரு பட்டறையை வைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு இந்தப் பிணைப்புகள் வைரஸுக்கு இன்றியமையாதவை. என்னைக் கேட்டால், பாக்ஸ் வைரஸ் உயிரியலில் இதைவிட அழகான சங்கதி வேறில்லை.

இரண்டாவது புதிர், வால். எல்1-இன் முதல் மெத்தியோனின் நீக்கப்பட்டபின், இரண்டாவது இடத்திலுள்ள கிளைசினில் 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் ஒட்டப்படுகிறது. மிரிஸ்டிகா என்பது ஜாதிக்காய் மரத்தின் தாவரவியல் பெயர். இந்தக் கொழுப்பமிலம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஜாதிக்காய்க் கொழுப்பிலிருந்து. நம் தேங்காய் எண்ணெயிலும் இது தாராளமாக உண்டு. செல்லுக்குள் புரதங்களில் இது ஒட்டப்பட்டால், வழக்கமாக அதன் நோக்கம் அந்தப் புரதத்தைச் சவ்வில் கட்டிப்போடுவது. ஆனால் எல்1-க்குச் சவ்வை ஊடுருவும் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. மேலும் ஒரு நங்கூரம் எதற்கு? அதுமட்டுமன்றி, மிரிஸ்டேட் (ஒட்டப்பட்ட நிலையில் அந்த அமிலத்தின் பெயர்) இருக்கும் முனை நீர்ச்சூழலை நோக்கிய வெளிப்பகுதியில் இருக்கிறது. நீரை வெறுக்கும் 14 கார்பன் சங்கிலியொன்று நீருக்குள் தொங்கிக்கொண்டிருப்பது வேதியியலுக்கு ஒவ்வாது.

2005-இன் படிக அமைப்பு இதற்குத்தான் ஒரு விடையைக் காட்டியது. புரதச் சங்கிலி தொடங்கும் அமினோ முனைக்கு அருகே, நீர்வெறுக்கும் பக்கச் சங்கிலிகள் சூழ்ந்த ஒரு குழி இருக்கிறது. வேட்டி மடிப்பில் காசைச் செருகிவைப்பதுபோல, அந்தக் குழிக்குள் மிரிஸ்டேட் சங்கிலியைச் செருகிவைக்க இடம் இருக்கிறது. இங்கே சொல்லைக் கவனமாக எடுத்தாள வேண்டும். படிகமான துண்டில் மிரிஸ்டேட் இல்லை. ஆகவே வால் மடிக்குள் இருப்பதை அந்த ஆய்வு நேராகக் கண்டதாகச் சொல்ல முடியாது, இருக்க இடம் உண்டு என்பதையே அது காட்டியது. பல சுருக்கக் குறிப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன. பின்னர் 2012-இல் வந்த மரபுமாற்ற ஆய்வு, மிரிஸ்டேட்டும் அமினோ முனையும் சேர்ந்தே வைரஸ் செல்லுக்குள் நுழையத் தேவையான ஒரு செயற்பகுதியாக அமைகின்றன என்று காட்டியபோது, மடியும் வாலும் பற்றிய அந்த ஊகத்துக்கு வலு கூடியது. தக்க தருணத்தில் வால் மடியிலிருந்து வெளிவந்து எதிரிலுள்ள செல்லின் சவ்வைத் தொடுகிறது என்ற கருத்து கவர்ச்சியானது. ஆயினும் கருத்தாகவே அதைச் சொல்ல வேண்டும்.

நுழைவு என்று சொன்னேன். இதிலும் பழைய நூல்களைப் படிப்பவர் கவனமாக இருக்க வேண்டும். எல்1-இன் உற்பத்தியை அடக்கினால் துகள் முதிராமலே நின்றுவிடுகிறது என்று 1994-இல் வெளியான ஆய்வு காட்டியதால், துகளைக் கட்டுவதே எல்1-இன் வேலை என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2005-இன் கட்டுரையும் மிரிஸ்டேட்டை அந்த நோக்கிலேயே பேசுகிறது. 2008-இல் மாஸின் குழு வேறொரு முறையில் எல்1-ஐ அடக்கிப் பார்த்தபோது, பார்வைக்குக் குறையேதும் இல்லாத முதிர்ந்த துகள்கள் உருவாயின; செல்லின் மேல் போய் ஒட்டிக்கொண்டன; ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை, வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றாக இணையவும் இல்லை. ஆகவே எல்1-இன் இடம் நுழைவுக் கட்டத்தில். இன்ஃபுளூயன்சாவிலும் டெங்குவிலும் ரேபிஸிலும் சவ்வுகளை ஒன்றாக்கும் வேலையை ஒரே புரதம் செய்துமுடிக்கிறது. பாக்ஸ் வைரஸிலோ அந்த வேலைக்கு 11 புரதங்களைக் கொண்ட ஒரு கூட்டணி தேவைப்படுகிறது. எல்1 அதன் உறுப்பினர்களுள் ஒன்று. ஏ16, ஜி9 என்ற வேறு இரு உறுப்பினர்களும் மிரிஸ்டேட் வாலுடையவை. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட், காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துத் தொற்றிக்கொள்ளும் முதல் வேலையை ஏ27, எச்3, டி8 என்ற வேறு புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன.

கூட்டணியின் மற்றோர் உறுப்பினரான எஃப்9, எல்1-இன் உடன்பிறப்பு. அதன் அமைப்பு 2018-இல் 2.1 ஆங்ஸ்ட்ரம் நுணுக்கத்தில் வெளியானபோது, அதே ஐந்து சுருள்களும் அதே இரண்டு பீட்டா இணைகளும் அதில் காணப்பட்டன. ஆனால் மிரிஸ்டேட்டும் இல்லை, குழியும் இல்லை. மாறாக, மூன்றாம் சுருளுக்கும் நான்காம் சுருளுக்கும் இடையே வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு வளையம் இருக்கிறது. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டும் தத்தமக்குரிய வேலையைப் பிடித்துக்கொண்டதால், ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப முடிவதில்லை.

இப்போது 7டி11-க்கு வரலாம். எலியிலிருந்து பெறப்பட்ட இந்த ஒற்றைக்குல எதிர்ப்பொருள், வாக்சினியாவின் முதிர்ந்த துகளை மிக வலுவாகச் செயலிழக்கச் செய்வது. அதன் பிணைப்புத் துண்டு எல்1-ஐப் பற்றியிருக்கும் நிலையிலேயே படிகமாக்கி, 2007-இல் அமைப்பு வெளியிடப்பட்டது. எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ளும் இடம் தொடர்ச்சியான ஒரு வரிசையாக இல்லை என்பது அதில் தெரிந்தது: சங்கிலியில் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு வளையங்கள் ஒரு டைசல்ஃபைடு பிணைப்பால் அருகருகே இழுத்துக் கட்டப்பட்டு, இரண்டும் சேர்ந்தே அந்த இடத்தை உண்டாக்குகின்றன. 34-க்கும் 57-க்கும் இடையிலான பிணைப்பே அந்தக் கட்டு. அந்தப் பிணைப்புக்கு ஒட்டினாற்போல 35-ஆவது இடத்தில் இருக்கும் அஸ்பார்ட்டிக் அமிலம்தான் மையமானது. பின்னர் பெறப்பட்ட வேறு பல வலுவான எதிர்ப்பொருள்களும், தம்முள் வரிசை ஒற்றுமை இல்லாதிருந்தும், இதே இடத்தையே குறிவைக்கின்றன என்று 2014-இல் தெரியவந்தது.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு விடை இதுவே. மெர்காப்டோஎத்தனால் டைசல்ஃபைடு பிணைப்புகளை ஒடித்துவிடுகிறது. கொதிநீர் சுருள்கட்டைக் குலைத்துவிடுகிறது. கட்டு அவிழ்ந்ததும் இரண்டு வளையங்களும் திசைக்கொன்றாகப் போய்விடுகின்றன. அமினோ அமிலங்கள் அத்தனையும் அங்கேயே இருக்கின்றன, ஆனால் 7டி11 தேடும் முகம் அங்கே இல்லை. இந்த இடத்திலிருந்து 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) வெட்டியெடுத்துத் தடுப்பூசியாக்கலாமே என்று நினைப்பவருக்கும் இதே விடைதான்.

தடுப்பூசிக்கான பயன் இங்கிருந்தே தொடங்குகிறது. எல்1-ஐ மட்டும் தனியே ஒரு செல்லில் உற்பத்தி செய்தால், அதன் கந்தகப் பிணைப்புகளைப் போடும் வைரஸ் பட்டறை அங்கே இருக்காது. சைட்டோசோலில் அது ஒழுங்காக மடிய வழியில்லை. எண்டோபிளாச வலைக்குள் அனுப்பும் சமிக்ஞை வரிசையை முன்னால் ஒட்டினால், செல்லின் சொந்த நொதிகள் பிணைப்புகளைப் போட்டுக்கொடுக்கும். ஆனால் இயற்கையான எல்1-இல் இல்லாத சர்க்கரைகள் அங்கே ஏறிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே அவை ஏறக்கூடிய இடங்களைச் சில குழுக்கள் முன்கூட்டியே மாற்றிவிட்டன. முன்னால் சமிக்ஞை வரிசை வந்துவிட்டதால் மிரிஸ்டேட்டும் ஒட்டாது. வெளிப்பகுதியின் மடிப்புக்கு அது கட்டாயம் இல்லை என்பதை, அது இல்லாமலே கிடைத்த படிகம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. டி.என்.ஏ. தடுப்பூசியில் இப்படிப்பட்ட சமிக்ஞை வரிசையைச் சேர்த்தபோது செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளின் அளவு உயர்ந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எல்1 மட்டும் போதுமா என்றால், போதாது. 2004-இல் ரீசஸ் குரங்குகளில் நடந்த சோதனையில், எல்1, ஏ27, ஏ33, பி5 ஆகிய நான்கின் மரபணுக்களையும் கொண்ட டி.என்.ஏ. தடுப்பூசி குரங்கம்மையிலிருந்து நல்ல பாதுகாப்பைத் தந்தது. எல்1 மட்டும் பெற்ற குரங்குகள் பிழைத்தனவே தவிர, கடும் நோய்க்கு ஆளாயின. காரணம் முன்னர் சொன்ன இரட்டைத் துகள். எல்1-க்கு எதிரான எதிர்ப்பொருள் முதிர்ந்த துகளைத் தடுக்கும். போர்வைக்குள் இருக்கும் எல்1-ஐ அதனால் தொட முடியாது. உடலுக்குள் தொலைதூரம் பரவும் போர்வைத் துகளை எதிர்கொள்ள, போர்வையிலேயே இருக்கும் ஏ33, பி5 ஆகியவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் வேண்டும். 2022-க்குப் பின் குரங்கம்மைக்காக உருவாக்கப்பட்டுவரும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளிலும் எம்1-உடன் இந்த இரண்டுக்கும் இணையான ஏ35, பி6 ஆகியவை இடம்பெற்றிருப்பது இதே கணக்கால்தான்.

கடைசியாக, கேட்ட மாணவருக்கு ஆய்வகத்தில் பயன்படக்கூடிய ஒன்று. 7டி11-ஐக் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் சோதனை) செய்வதானால், மாதிரியைக் கரைக்கும் தாங்கல் கரைசலில் மெர்காப்டோஎத்தனாலையோ அதைப் போன்ற ஒடுக்கியான டி.டி.டி.-யையோ சேர்க்க வேண்டாம், கொதிக்கவைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அதே ஜெல்லில் பக்கத்துப் பாதையில் ஒடுக்கிய மாதிரியையும் ஓட்டுங்கள், ஆனால் நடுவே ஓரிரண்டு பாதைகளைக் காலியாக விடுங்கள். ஒடுக்கி கசிந்து பக்கத்துப் பாதையைக் கெடுப்பது பலரும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஒடுக்காத பாதையில் பட்டை சற்றுக் கீழே தெரிந்தால் அஞ்ச வேண்டாம். மூன்று பிணைப்புகளால் இறுகிய சங்கிலி, அவிழ்ந்த சங்கிலியைவிடக் கச்சிதமானது என்பதால் வேகமாக ஓடுகிறது. புரதத் தயாரிப்பு சரியாக மடிந்திருக்கிறதா என்று அறிய அந்தச் சிறு இடைவெளியே முதல் அடையாளம். 7டி11 அதைப் பிடிக்கிறதா என்பது இரண்டாவது.